மத்தியானத்துக் கொசு

கண்ணா,

மூன்று நாளாக எழுதிக் கிழித்த காகிதமெல்லாம் குப்பைக்கூடையில் கிடக்கிறது. இதையும் கிழிக்காமல் இருந்தால் நாளை உன் கைக்கு வரும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பெற்ற பிள்ளையிடம் பேச ஒரு அம்மாவுக்கு என்ன பயம் என்று சிரிக்காதே. எனக்கு உன்னைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்தில் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்தது. இன்று புதன். இன்னும் அடங்கவில்லை.

அன்று என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்பாய். உன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரிதான். நான் மாடியில் காய்த்த தக்காளியைப் பை நிறையக் கொண்டுவந்திருந்தேன். பவித்ரா அதில் ரசம் வைத்திருந்தாள். நீ இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டாய். அப்போது அவளுக்குப் போன் வந்தது. அவளோடு வேலை பார்க்கிறவர் யாரோ. நின்றபடியே பேசினாள், ஏதோ சொன்னதற்குச் சிரித்தாள். அரை நிமிடம்கூட இருக்காது. நீ சாப்பிட்ட கையோடு எழுந்தாய், இடது கையால் ஹால் ஜன்னலைச் சாத்தினாய், பிறகு சமையலறை ஜன்னலையும் சாத்தினாய். "கொசு வருது" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாய். மத்தியானம் ஒரு மணி, கண்ணா. மூன்றாவது மாடி. வெளியே வெயில் கொளுத்துகிறது. எந்தக் கொசு வரும்?

நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் பவித்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். ரசக் கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு முழுக்கைச் சட்டையின் கையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். இந்த வெயிலில் ஏன் முழுக்கை என்று வந்ததும் கேட்க நினைத்து மறந்திருந்தேன். அதற்குப் பிறகு கேட்க வாய் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரசம் பிரமாதமா இருக்கும்மா" என்றேன். மூன்று மணிக்கு மழை வரும்போல இருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, அவளை உன்னோடு அந்தச் சாத்திய வீட்டில் விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். நான் இருந்ததால் அன்று அந்த நேரத்தில் எதுவும் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கிளம்பினால் நடக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும் கிளம்பினேன். இதைப் படிக்கும்போது உனக்கு என்மேல் கோபம் வரும் அல்லவா, அதைவிட அதிகமான கோபம் எனக்கு என்மேல் இருக்கிறது.

"கொசு வருது" என்பதற்கு என்ன அர்த்தம் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதில் ஒருவர் உன் அப்பா, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மீதி நீயும் நானும். இப்போது பவித்ராவுக்கும் தெரிந்துவிட்டது.

முடிச்சூரில் நாம் குடிவந்த புதிதில் நம் மனைக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அந்தப் பக்கம் ஜரினா அக்கா வீடு. அவர் வீட்டுக்காரர் தாம்பரத்தில் பெயின்ட் கடை வைத்திருந்தார். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். உன் அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அன்றைய மனநிலை எனக்குத் தெரிந்துவிடும். செருப்பு சுவரில் போய் இடித்தால் உன்னைப் பார்த்து, "கண்ணா, கொசு வருது, ஜன்னல சாத்து" என்பேன். நீ ஓடுவாய். எட்டாத கொக்கிக்கு முக்காலி போட்டு ஏறிச் சாத்துவாய். ஐந்து வயதில் எவ்வளவு சமர்த்து என்று நான் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். நீ கடைசி ஜன்னலைச் சாத்திவிட்டு வரும்போது இங்கே தட்டு பறந்திருக்கும். சில நாள் தட்டோடு நின்றது, சில நாள் நிற்கவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் அந்த வேலையைக் கொடுத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. பள்ளிக்கூட டீச்சர் வீட்டில் இப்படி நடக்கிறது என்று தெரு பேசக்கூடாது. அவ்வளவுதான்.

ஆனாலும் ஜரினா அக்காவுக்குத் தெரிந்தது. கண்ணாடியைச் சாத்தினால் சத்தம் போகாமல் இருக்குமா? சண்டை நடக்கிற நாளெல்லாம் சரியாக அந்த நேரத்துக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார். "டீச்சர், ரெண்டு கொத்து கறிவேப்பில குடேன், தாளிக்கணும்." நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பறித்துக் கொடுப்பேன். உன் அப்பாவும் வெளியாள் குரல் கேட்டதும் சட்டென்று அடங்கிவிடுவார். "இன்னாம்மா, ஏதோ சத்தம் கேட்டுச்சே" என்பார் அக்கா. "குக்கர் மூடி விழுந்துச்சுக்கா" என்பேன். அவரும் குக்கர் மூடியை நம்பிய மாதிரி தலையாட்டிவிட்டு, போகாமல் அரை மணி நேரம் அங்கேயே நின்று விலைவாசியைப் பேசுவார். எத்தனை தடவை அப்படி என்னைக் காப்பாற்றினார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒருநாள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ஏன்கா, உங்க வீட்லயே மரம் இருக்கே?" என்று கேட்டுவிட்டேன். இருந்தது. நம் மரத்தைவிடப் பெரிய மரம், அவர் வீட்டுக் கிணற்றடியில்.  "ஆமா டீச்சர், கீதே, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் அவர் சுவரருகே வரவில்லை. வந்த உதவியை வாயால் விரட்டிவிட்டேன். அந்த இரண்டு மரங்களும் 2015 வெள்ளத்தில் நின்ற தண்ணீரில் அழுகிப் போயின. இப்போது மாடியில் தொட்டியில் இருப்பது பிறகு வைத்த கன்று.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்பாய். நான் கிளறவில்லை, என் செடிகள் கிளறுகின்றன. ரிடையர் ஆனபிறகு எனக்கு மாடித் தொட்டிகளும் செல்போனும்தான் துணை என்பது உனக்குத் தெரியும். முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தியவள், இப்போது நிதானமாக உட்கார்ந்து நான் நடத்தாததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு புழு இலையைக் கடித்தால் இலை சும்மா இருப்பதில்லை. புல் வெட்டும்போது ஒரு பச்சை வாசனை வருமே, நமக்குப் பிடித்த வாசனை, அது வெட்டுப்பட்ட இலையிலிருந்து கிளம்பும் ரசாயனம். கத்தரியால் வெட்டினால் ஒரு விதமாகவும், புழு கடித்தால் அதன் எச்சிலை அடையாளம் கண்டுகொண்டு வேறு விதமாகவும் செடி அந்த வாசனையைக் கலக்கிறது. அது காற்றில் போகிறது. பக்கத்துச் செடிக்கு அது எட்டினால், தன்னை இன்னும் எதுவும் கடிக்காதபோதே அது தன் இலையைக் கசப்பாக்கிக்கொள்ளவும், தின்னும் புழுவுக்கு ஜீரணமாகாத சரக்கைத் தயாரித்துக்கொள்ளவும் தயாராகிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னக் குளவிகள் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வந்து, புழுவின் உடம்புக்குள் முட்டையிடுகின்றன. செடி வேண்டுமென்றே கூப்பிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன், பரீட்சையில் அப்படி எழுதினால் ஒரு மார்க் குறைப்பேன். ஆனால் கூப்பிட்ட மாதிரி ஆள் வருகிறது என்பது நிஜம்.

இதிலும் நான் ஒரு கூத்து அடித்தேன். போன வருடம் ஒரு செடியில் பச்சைப் புழு ஒன்று, முதுகு முழுக்க அரிசியை ஒட்டவைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. புழுதான் முட்டை போட்டிருக்கிறது, இது பெருகினால் மாடியே போச்சு என்று பயந்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒன்றுவிடாமல் தேய்த்து நசுக்கினேன். அது முட்டையே இல்லை, செடிக்குத் துணைக்கு வந்த குளவிகளின் கூடு என்று பிறகு படித்தேன். தாவரவியல் டீச்சருக்குப் பூச்சி தெரியாதா என்று நீ கேலி செய்தாய், நானும் சிரித்தேன். ஜரினா அக்காவின் முகம் அன்றைக்கே எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. தக்காளியைத் தின்னும் ஒரு வகைக் காய்ப்புழுவைப் பற்றி ஒரு கட்டுரை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதம் முன்பே படித்துவிட்டேன், படித்தபோது அட என்று வியந்ததோடு சரி. அந்தப் புழு இலையைக் கடிக்கும்போது அதன் எச்சிலில் இருக்கும் ஒரு பொருள் இலைத்துளைகளை மூட வைத்துவிடுகிறதாம். உனக்கு இலைத்துளை நினைவிருக்கும். பத்தாம் வகுப்பில் உனக்கு நான் வீட்டில் படம் போட்டுக் காட்டினேன், இரண்டு உதடு மாதிரி இரண்டு செல், நடுவில் வாசல். வகுப்பில் எப்போதும் ஒரே வாக்கியம்தான் சொல்வேன், "இது இலையோட ஜன்னல்." துளை மூடினால் வாசனை சரியாக வெளியே போகாது. பக்கத்துச் செடிக்குச் சேதி குறையும், குளவிக்கும் குறையும். இலை தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். ஊரப்பாக்கத்திலிருந்து திரும்பும்போது மின்சார ரயிலில் இது மண்டையில் வந்து இடித்தது. புழு முதலில் ஜன்னலைச் சாத்துகிறது. தாம்பரத்தில் இறங்காமல் தாண்டிப் போய்விட்டேன், குரோம்பேட்டையில் இறங்கித் திரும்பி வந்தேன். 

உன்னைப் புழு என்று சொல்லிவிட்டேன் என்று கொதிக்காதே. புழுவுக்கு வேறு வழி இல்லை, அது தின்றுதான் ஆகவேண்டும். உனக்கு அப்படி இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன், புழுவுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? உன்னை நான் வேறு யாரோ மாதிரி நின்று குற்றம் சொல்லவும் இல்லை. உன் அப்பாவின் கோபத்தை நீ அவரிடமிருந்து எடுத்துக்கொண்டாய் என்றால், ஜன்னலைச் சாத்துவதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். அதைச் செய்யச் சொன்ன வாய் இது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னைப் பார்க்க வந்த அன்றைக்குப் பவித்ராவின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பிக்குக் கோவம் வருமாங்க? எங்க பொண்ணு கொஞ்சம் பயந்த சுபாவம்" என்று கேட்டார். "கோவமா, அவனுக்கா? வாயே திறக்கமாட்டான்ங்க" என்றேன். நீ காலேஜில் படித்தபோது பொத்தேரி அறையில் கதவை உதைத்து உடைத்ததும், கூட இருந்த பையன் அடுத்த நாளே அறையை மாற்றிக்கொண்டு போனதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். யாரோ பெற்ற பெண்ணை மருந்து மாதிரி உனக்குக் கொடுத்தேன்.

நாளை வியாழன், நீ ஆபீஸ் போவாய், பவித்ராவுக்கு வீட்டிலிருந்து வேலை. நான் ஊரப்பாக்கம் போகவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். போவேனா தெரியவில்லை. போய் நின்றால் அந்தப் பெண் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடுவாள், நானும் அப்பாடா என்று திரும்பி வந்துவிடுவேன், அதுதான் என் குணம். உனக்குத் தெரிந்தால் என்னிடம் பேசுவதையே விட்டுவிடுவாய் என்ற பயம் ஒரு பக்கம். அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று மூன்று நாளாக நான் யோசித்துக்கொண்டிருந்தேன் பார், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கண்ணா, இதற்கு மேல் எழுதுவது வியாழக்கிழமை, உன் வீட்டில், உன் மேஜையில். 

பதினொரு மணிக்கு வந்தேன். மணி அடித்தும் பவித்ரா உடனே திறக்கவில்லை. கதவுத் துளை வழியாகப் பார்த்திருக்கிறாள், நீதானோ என்று. திறந்தவள், "அத்தை, சொல்லாம வந்திருக்கீங்க?" என்றாள்.  வாயில் வந்தது இதுதான்.

"ரெண்டு கொத்து கறிவேப்பிலை இருக்காம்மா?"

அவள் என் பையைப் பார்த்தாள். மாடியிலிருந்து பறித்துக்கொண்டு வந்த கறிவேப்பிலை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "உங்க பையிலயே இருக்கே அத்தை" என்றாள். இருபது வருடத்துக்கு மேல் ஆன கேள்வி திரும்பி வந்து என்னையே கேட்டது. ஜரினா அக்கா அன்றைக்குத் திரும்பிப் போனார். அவர்மேல் தப்பே இல்லை. நான் போகவில்லை.

"ஆமாம்மா, இருக்கு. நான் அதுக்கு வரல" என்றேன்.

அவள் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொண்டுவந்தாள். முழுக்கைச் சட்டைதான் இன்றைக்கும். "கையில என்னம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல அத்தை, பாத்ரூம் கதவு இடிச்சிருச்சு." "எனக்குக் குக்கர் மூடிம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. சொன்னேன். தட்டு, முக்காலி, கொசு, எல்லாவற்றையும். கொசு என்றதும் அவள் அழ ஆரம்பித்தாள். சத்தமே வராத அழுகை. அவளுக்கும் பழகிவிட்டது. "அவர் ஜன்னல் பக்கம் எழுந்து போனாலே எனக்குப் புரிஞ்சிடும் அத்தை. ஞாயித்துக்கிழமை நீங்க கிளம்பினப்போ, போகாதீங்கன்னு சொல்ல நினைச்சேன். வாய் வரல" என்றாள். அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். உனக்குத் தெரியும், இப்போது எனக்கும் தெரியும்.

பக்கத்து அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் போக ஒரு இடம் இருக்கிறது, அவர்களிடம் பேசிவிட்டோம், கூட்டிக்கொண்டு போக ஆள் வந்துகொண்டிருக்கிறது. எங்கே என்று என்னைக் கேட்காதே. அழுதாலும் சொல்லமாட்டேன், மிரட்டினாலும் சொல்லமாட்டேன். அவள் வீட்டாரிடம் போய் நிற்காதே. அவளுக்குப் போன் செய்யாதே. திரும்பி வருவதா வேண்டாமா என்பது அவள் பாடு, அதில் நான் உனக்காக ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. நீ செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. உனக்கு என்ன நடக்கிறது என்பதை உன்னை அறியாத ஒரு டாக்டரிடம் போய், ஒன்றையும் குறைக்காமல், உன் வாயால் சொல். வேலை அழுத்தம், டிராபிக், அவள் பதில் பேசினாள் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. "என் மனைவியை அடிக்கிறேன்" என்று ஆரம்பி. அந்த வாக்கியத்தை எழுதும்போது எனக்கு உடம்பு எரிகிறது. நீ சொல்லும்போது உனக்கும் எரியட்டும். கூட வரச் சொன்னால் வருவேன், வெளியே பெஞ்சில் எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பேன்.

கீழே ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது, நீ சீக்கிரம் வந்துவிட்டாயோ என்று. தூளியில் போட்டு ஆட்டிய பிள்ளை வந்துவிடுவானோ என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு மத்தியானம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

இந்தக் கடிதத்தை உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். இல்லாவிட்டால் காற்றில் பறந்துவிடும். உள்ளே வந்ததும் கவனித்திருப்பாய், ஹால் ஜன்னல், சமையலறை ஜன்னல், படுக்கையறை ஜன்னல், எல்லாம் திறந்து கிடக்கின்றன. பவித்ரா மறந்துவிட்டுப் போகவில்லை. நான்தான் திறந்தேன். படுக்கையறைக் கொக்கி இறுகிப் போயிருந்தது, முக்காலி போட்டு ஏறித் திறந்தேன்.

படித்து முடித்ததும் நீ நேராக முடிச்சூருக்கு வருவாய் என்று தெரியும். வா. ஜரினா அக்காவிடம் இங்கிருந்தே போனில் சொல்லிவைத்திருக்கிறேன், எல்லாவற்றையும், குக்கர் மூடி உட்பட. சுவரருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நீ கத்தினால் தெருவுக்கே கேட்கும், அழுதாலும் கேட்கும். உன்னைப் பார்க்க எனக்குப் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் நீ எந்த முகத்தோடு வந்தாலும் என் வீட்டில் ஒரு ஜன்னலைக்கூடச் சாத்தமாட்டேன். கொசு வந்தால் வரட்டும்.

அம்மா